சாம்பிராணிப் புகையில் வந்த தும்மல்

மகள் பிறந்த மறுநாளே, வார்டுக்கு வந்த பிசியோதெரபி மிஸ் எனக்கு ஒரு பயிற்சி சொல்லித் தந்தார். படுத்தபடியே, சிறுநீரை அடக்குவதுபோல இடுப்பின் அடித்தசைகளை இறுக்கிப் பிறகு தளர்த்த வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா அதற்கும் விடவில்லை. "பச்சை உடம்பு. துடக்குக் கழியும்வரைக்கும் ஆடாமல் அசையாமல் கிட, பிள்ளை" என்று பழைய சேலையால் என் வயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார்.

முப்பத்தோராம் நாள், பிள்ளைபெற்ற தீட்டு நீங்கும் துடக்குக் கழிவன்று, வீடு நிறையச் சனம். சாம்பிராணிப் புகைக்கு ஒரு தும்மல் தும்மினேன். சிறுநீர் கசிந்து புதுச்சேலை நனைந்துவிட்டது.

"பிள்ளை பெத்தவைக்கு உது வழமைதானே" என்று பெரியம்மா சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா என்னை அறைக்குள் இழுத்துப்போய், தன் அலுமாரியைத் திறந்து கசிவுக்கு வைத்துக்கொள்ள மடித்த துணியொன்றை நீட்டினார். உள்ளே அதேபோல் அடுக்கடுக்காக இருந்தன. முழங்கால் நோ என்று சொல்லி அவர் ஏறாமல் விட்ட பஸ்களும், போகாமல் விட்ட தேர்த்திருவிழாக்களும் அப்போதுதான் எனக்கு விளங்கின.

"எனக்கேன் சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"உதைப் போய் ஆரோடை கதைக்கிறது?"

"என்னோடை!"

அன்று பின்னேரமே வயிற்றுக் கட்டை அவிழ்த்தெறிந்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்கினேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் படுத்தார்.

"மூச்சைப் பிடிக்கிறதோ, விடுறதோ?"

"விடுங்கோ" என்றேன், வெடுக்கென்று.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. சிரித்த பெரியம்மாவின் அலுமாரியிலும் அதே மாதிரித் துணிகள் மடித்து வைத்திருக்கும் என்று நினைக்கும்போது, கோபம் கூடத்தான் செய்கிறது.