எழும்பாமல் இருக்கப் பழகினேன்

வணிக முகாமைத்துவப் பட்டப்படிப்பில் நான் சேர்ந்தபோதே மீசை நரைத்துவிட்டது. கிழமை நாட்களில் பதுளை டவுனில் ஹாட்வெயார் கடை வேலை; சனி ஞாயிறு வகுப்பு. கூடப் படித்த பிள்ளைகள் வங்கி, காப்புறுதி என்று கனவு கண்டுகொண்டிருக்க, நான் கன்சல்டன்ட் ஆவேன் என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்தவன் கம்பெனிக்குப் போய், என்னென்ன பிழை என்று சொல்லிவிட்டு வருகிற வேலை அது. அதை என் மனைவி எனக்கு வருடக்கணக்கில் ஓசியில் செய்துவருகிறாள்.

கொழும்பு ஆலோசனை நிறுவனமொன்று எங்கள் வகுப்பிலிருந்து ஒரு பயிலுநரை எடுப்பதாக அறிவித்தது. ஒரே ஓர் இடம். நேர்முகம் கணினித் திரையில்தான். விரிவுரையாளர் வகுப்பு முழுவதையும் திரையில் கூட்டி அதற்கு ஒத்திகை வைத்தார். மேலே சட்டை, டை. கீழே இடுப்பில் கட்டிய சாரம் என்று வீட்டில் உட்கார்ந்தேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

கோட் போட்ட விரிவுரையாளர் திரையில் தோன்றி ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். நான் சடாரென்று எழும்பி நின்றேன்.

நான் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப் சத்தம் கேட்டால் அப்பா எழும்புவார். அவரைப் பார்த்து நாங்களும் எழும்புவோம். மூளையைக் கேட்காமல் முழங்கால் தானாகச் செய்கிற வேலை அது. வகுப்பு முழுக்க என் தொந்தியையும் கட்டம் போட்ட சாரத்தையும் தரிசித்தது.

"அண்ணே, ஒக்காருங்கண்ணே! ஒங்க தலையக் காணோம்!" என்று ஒரு பிள்ளை கத்தினாள்.

பதற்றத்தில் நான் கையையும் கட்டிக்கொண்டேன்.

அன்றைக்கே எனக்குக் காய்ச்சல் என்று அறிவித்துவிட்டுப் போர்வைக்குள் போனேன். மனைவி போர்வையை இழுத்தாள்.

"அந்தாளு என்ன, தொரையா?"

"படிச்சவரு."

"அப்ப நீங்க என்ன பண்றீங்க, மாடா மேய்க்கிறீங்க?"

அவளே நேர்முகம் நடத்த முன்வந்தாள். என் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முறைப்பாக வந்து எதிரே உட்கார்ந்தாள். முழங்கால் அசையவில்லை. திரும்பவும் வந்தாள். ம்ஹூம்.

"எனக்கு மட்டும் ஒங்க முழங்கால் எழும்பாதே! இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் எழும்பியிருக்கா?"

பயிற்சி அதோடு முடிந்தது. ஆனால் எனக்கு வீம்பு பிறந்துவிட்டது. அப்பா ஆயுசு முழுக்க நின்றார். அவர் நின்றதற்கும் சேர்த்து நான் உட்காருவேன். யார் வந்தாலும் சரி.

வாய் அப்படிச் சொன்னது. முழங்காலை நம்ப முடியாது. நேர்முகத்தன்று மனைவி என் சாரத்தின் நுனியை நான் உட்கார்ந்திருந்த கதிரைக் காலில் முடிச்சுப் போட்டாள்.

திரையில் வந்தவர் என் மகன் வயதுப் பையன். ஆனாலும் கோட். முழங்கால் துள்ளியது, கதிரை முனகியது, முடிச்சுத் தாங்கியது. இந்த வயதில் ஏன் இந்தத் துறை என்று கேட்டார். "மற்றவர்கள் ஆலோசகரான பிறகுதான் களைத்துப்போகிறார்கள், நான் முதலிலேயே களைத்துவிட்டு வந்திருக்கிறேன்" என்றேன். சிரித்தார். தேயிலைத் தோட்டமொன்று நட்டத்தில் ஓடுகிறது, முதலில் எதைக் குறைப்பீர்கள் என்றார். தொழிலாளரை என்பதுதான் அவர் எதிர்பார்த்த பதில் என்று தெரியும்.

"துரை பங்களாச் செலவை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவருக்குப் பின்னால் கதவு திறந்தது. நரைத்த தலையோடு பெரியவர் ஒருவர், நிச்சயமாக முதலாளிதான், உள்ளே வந்தார். பையன் சடாரென்று எழும்பி நின்றார். திரை முழுக்க அவருடைய பெல்ட். தலையைக் காணோம்.

என் முழங்கால் முதல் தடவையாகச் சும்மா இருந்தது. கொழும்பிலும் பதுளையிலும் சேர்த்து, அந்த நேரத்தில் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

இடம் வேறொரு பிள்ளைக்குப் போனது. பரவாயில்லை, இன்னொரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன், அங்கேயும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பங்களாச் செலவைத்தான் திரும்பவும் சொல்லப் போகிறேன்.

"இந்தத் தடவ முடிச்சு வேணாம். நான் பழகிட்டேன்" என்றேன் மனைவியிடம்.

"ஆமா ஆமா" என்று சொல்லிக்கொண்டே குனிந்து இரட்டை முடிச்சுப் போட்டாள்.