தொலியோடு வெந்த உளுந்து

என் கணவரின் வலது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. ரங்கூனில், அரிசி ஆலைக்குப் போகும் வழியில் அது நடந்தது. ஒற்றைச் செருப்போடு ஆலைவரை நடந்துபோயிருக்கிறார். பின்னால் வந்த ஒருவர் செருப்பை எடுத்துக் கொடுத்தபோதுதான் குனிந்து பார்த்தாராம். உள்ளங்காலைக் கல் கிழித்து இரத்தம் வந்திருந்தது. வலி இல்லை.

அவரும் அவர் தம்பி சாமுவேலும் அந்த ஆலையில் எழுத்தர்கள். நாங்கள் மூவரும் ஆலைக் குடியிருப்பில் ஒரே வீட்டில் இருந்தோம். இயந்திரம் தீட்டிய அரிசி வெள்ளை வெளேரென்று இருக்கும். எங்கள் ஊரில் கல்யாணப் பந்தியில்கூட அப்படிப்பட்ட சோற்றைக் கண்டதில்லை. அண்ணனும் தம்பியும் வேளைக்கு வேளை அதையே விரும்பி உண்டார்கள்.

சில வாரங்களில் சாமுவேலுக்கும் கால் கனக்கத் தொடங்கியது. விடுப்பு வாங்கிக்கொண்டு கப்பலேறி, பாளையங்கோட்டையில் என் மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

இங்கே பார்த்த டாக்டர் பினாங்கில் வேலை செய்து திரும்பிய தமிழர். கணவரின் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. சாமுவேலின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்து, வெகுநேரம் அப்படியே இருந்தது.

"ரெண்டு பேருக்கும் பெரிபெரி," என்றார். (பெரிபெரி: நரம்பு கெட்டுக் கால் மரத்துப்போகும் நோய். சிலருக்கு உடம்பில் நீர் கோத்து இருதயம் பலமிழக்கும்.) பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் அதே வீட்டுலதான இருந்தீங்க? என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

நான் யோசித்துப் பார்த்துச் சொன்னேன். ரங்கூனில் எனக்கு ஒரு பிள்ளை கருவிலேயே கலைந்துபோனது. அப்போது ஆலைக் காவலாளியின் மனைவி, பசந்த் என்ற பஞ்சாபிப் பெண், என்னைத் தன் வீட்டில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். கோதுமை ரொட்டியும், கறுப்பு உளுந்தைத் தொலியோடு வேகவைத்த குழம்பும். உடம்பு தேறிய பிறகும் பகலில் அங்கேதான் சாப்பிட்டேன். காவலாளிகளின் வீட்டு வரிசையில் ஒருவருக்கும் கால் மரக்கவில்லை.

டாக்டர் மேசையில் தட்டினார். "அதேதான். காரணம் என்னன்னு பெரிய டாக்டர்மாரு இன்னும் சண்டை போடுதாங்க. ஆனா தீட்டின அரிசிய நிறுத்திட்டு, தொலியோட பயறு குடுத்தா ஆளு எழும்பி நடக்கான். நான் கண்ணால கண்டது."

சாமுவேல் வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினார். "பெரியவருக்குக் காலு மட்டும்தான். சின்னவருக்கு நெஞ்சு வீங்கிருக்கு. அவரத்தான் கவனமாப் பாக்கணும். எங்க போனாலும் பையத்தான் நடக்கணும்."

வீட்டில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. கணவர் எலும்பும் தோலுமாக இருந்தார். சாமுவேலின் முகமோ நீர் கோத்துப் பளபளவென்று இருந்தது. அத்தை அவன் கன்னத்தைத் தடவி, "சின்னவன் நல்லாத்தானட்டி இருக்கான்," என்றார்.

பயற்றங்கஞ்சி கொடுத்தேன். கணவர் வாந்தியெடுத்தார். எது கொடுத்தாலும் வெளியே வந்தது. ஒரு காலையில் அவரே கேட்டார்: "ஏட்டி, அந்தப் பஞ்சாபிக்காரி வைப்பாளே, அந்த வாசனை நம்ம வீடு வரைக்கும் வரும். அத வைக்க முடியுமா?"

முழு உளுந்தை ஊறவைத்தேன். பழக்கத்தில் கை தொலியைக் கழுவித் தள்ளிவிடாமல் பார்த்துக்கொண்டேன். மண்சட்டியில் இஞ்சி போட்டு, சிறு தீயில் காலையிலிருந்தே வேகவிட்டேன். தண்ணீரை வடிக்கக் கூடாது, அதுதான் மருந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். பசந்த் சேர்க்கும் சிவப்புப் பயறு இங்கே கிடைக்காது, தட்டாம்பயறு போட்டேன். உளுந்து மலர்ந்து கூழானதும் மத்தால் லேசாக மசித்து, வெங்காயமும் பூண்டும் மிளகாய் வற்றலும் நெய்யில் தாளித்து, தயிரும் வெண்ணெயும் விட்டேன்.

"உளுந்துன்னா சோத்தோட பொங்கித் திங்கணும். இதென்ன கறுப்புக் கூழு? வாயுல்லா பிடிக்கும்," என்றார் அத்தை.

கணவர் சிறிது உண்டார். காத்திருந்தோம். உள்ளே நின்றது. மறுபடியும் கேட்டார்.

சாமுவேல் கிண்ணத்தைத் தள்ளிவிட்டான். "வேண்டாம் மதினி. ஊருக்கு வந்தும் வடக்கத்தியான் சாப்பாடா? அம்மா கையால சோறு தின்னா எல்லாம் சரியாயிரும்."

வீட்டுச் சிவப்பரிசியும் அவனுக்கு இறங்கவில்லை. அதனால் அத்தை நெல்லைத் திரும்பத் திரும்பக் குத்தி, தவிடெல்லாம் போக்கி, வெள்ளையாக்கிப் பொங்கிப் போட்டார். நான் டாக்டரைக் கூட்டிவந்து சொல்லச் சொன்னேன். அவர் முன்னால் தலையாட்டி இரண்டு கரண்டி உண்டான். அவர் தெருமுனை தாண்டியதும் சோற்றுத் தட்டைக் கேட்டான். ஒரே சமையலறையில் இரண்டு அடுப்புகள் எரிந்தன.

ஒரு முற்பகலில் உடம்பு லேசாக இருக்கிறது என்று சொல்லி, தாமிரபரணிக்குக் குளிக்கப் போனான். நாங்கள் தடுத்தும் கேட்கவில்லை. திரும்பி வந்தவன் வாசற்படியேறி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உதடு நீலமாகியிருந்தது. "மூச்சு எட்ட மாட்டேங்குது மதினி," என்றான். டாக்டர் வருமுன் அடங்கிவிட்டான்.

அத்தை அழவில்லை. அடக்கம் முடிந்து வந்தவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். ஒரு நாள் காலை நான் சமையலறைக்குப் போனபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சட்டியில் உளுந்து வெந்துகொண்டிருந்தது. அத்தை கரண்டியோடு அருகில் உட்கார்ந்திருந்தார். "இஞ்சி எம்புட்டுட்டி போடுவ?" என்று மட்டும் கேட்டார். நான் காட்டினேன். அன்று முதல் அந்தச் சட்டி அவர் பொறுப்பு. வெள்ளைச் சோற்றைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இதே நோய் புகுந்த வீட்டிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முகத்தின் தசையைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். மெலிந்தவருக்காக அழுதுகொண்டிருக்கையில், செழித்தவர் கைவிட்டுப் போய்விடுவார்.

மழை தொடங்கிய நாட்களில் கணவர் முற்றத்தில் கோலூன்றி நடந்துகொண்டிருந்தார். திடீரென்று "ஆ!" என்று அலறினார். ஓடினோம். வலது காலில் கட்டெறும்பு கடித்திருந்தது.

"கடிக்கி, அம்மா! கடிக்கது தெரியுது!"

எறும்பைத் தட்டிவிட மறந்து அதையே பார்த்து நின்றார். அத்தை மண்டியிட்டு அந்தக் காலைப் பிடித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், "சாமுவேலு, ஐயா, சாமுவேலு" என்று வாய்விட்டு அழத் தொடங்கினார். அவர் அவனுக்காக அழுதது அன்றுதான். கணவர் அவர் தலையில் கை வைத்தபடி நின்றார்.

குணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். இரண்டு விரல்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன. காலையில் கண் விழித்ததும் அவர் எழுந்திருப்பதில்லை. போர்வைக்குள் ஒவ்வொரு விரலாக அசைத்துப் பார்க்கிறார். நான் பக்கத்தில் காத்திருக்கிறேன். அவர் பார்த்து முடித்த பிறகே எங்களுக்கு நாள் விடிகிறது.