மானாப்புல்லுக்குள் சவரி அண்ணன்

சவரி அண்ணன் போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் பாதி முகம் சவரம் செய்திருந்தேன். மீதியைச் செய்யாமலே பதுளையில் லுணுகலை பஸ் ஏறிவிட்டேன். அடக்கத்துக்கு வந்த நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது அதனால்தான். அண்ணன் பார்த்திருந்தால் முதலில் சிரித்திருப்பார்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் நம் தோட்டத்து மேற்பிரிவில் செத்த எல்லோருக்கும் குழி வெட்டியவரைப் பற்றி யாராவது நாலு வரி எழுத வேண்டுமே.

மண்சரிவு அபாயம் என்று நம்மையெல்லாம் கீழே இறக்கிய பிறகும், கல்லறைத் திருநாளன்று காலையில் நாங்கள் இருவரும் மேலே ஏறுவோம். நாலு மாதக் குழந்தையாகவே போன என் மூத்த மகள் அங்கேதான் இருக்கிறாள். தேயிலை நின்ற மலை முழுக்க இப்போது மானாப்புல். நாம் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு அடையாளம் கரி பிடித்த சில அடுப்புக்கற்கள். காலையில் ஆள் பிரித்த பெரட்டுக்களத்தில் வெடித்த சிமெந்துத் தரை. அதை மிதித்ததும் அண்ணன் நிற்பார். "அந்தோணிக் கங்காணி, இவன் இன்னைக்கும் லேட்டுங்க" என்பார். பிந்தி வந்த என்னை எத்தனையோ நாள் வீட்டுக்குத் திருப்பியவர் அந்தக் கங்காணி.

அங்கே புதைகுழி மேடுகளுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. மகளை அடக்கிய அன்று மழையிலும் அழுகையிலும் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த மேட்டில் மெழுகுதிரி ஏற்றி அழுவேன். இறங்கும்போது, பீடி பற்றவைத்துவிட்டு வருவதாக அண்ணன் பின்தங்குவார். போன வருடம் மேலேயே மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பினேன். அண்ணன் ஆறடி தள்ளி வேறொரு மேட்டில் மண்டியிட்டுத் திரி ஏற்றிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன்.

"ஒம் புள்ளைக்குத்தான்."

அப்படியானால் நான் இத்தனை வருடமும் அழுதது யாருக்கு?

"அந்தோணிக் கங்காணிக்கு. விடு, உசுரோட இருக்கையில நீ அவர ஏசுன ஏச்சுக்கு அது சரியாப்போச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கோபப்பட்டேன். அண்ணன் புல்லைப் பார்த்தபடி சொன்னார்: "மொத வருசமே சொல்லத்தான் வந்தேன். நீ அழுதுகிட்டிருந்த. அழுற மனுசன எழுப்பி, கொஞ்சம் தள்ளி அழுன்னு எப்புடிச் சொல்றது?"

அன்றுதான் முதல்முறையாக மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இந்த வருடம் தனியாக ஏறினேன். பெரட்டுக்களத்தில் என்னை லேட் என்று சொல்ல ஆளில்லை. மேலே ஒரு வருடப் புல், என் உயரத்துக்கு. எல்லா மேடுகளும் ஒன்றுபோலவே இருந்தன. கத்தியால் வெட்டி வெட்டிப் பார்த்தேன். போன வருடம் உட்கார்ந்த இடத்தைக்கூடக் காணத் தெரியாத தகப்பன் நான். திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது கத்தி இரும்பில் மோதியது.

அண்ணனின் அலவாங்கு, அவர் குழி தோண்டும் கடப்பாரை. உங்களுக்கு நினைவிருக்கும், அவருக்குக் குழி வெட்ட அதை வீடெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் அயலில் இரவல் வாங்கினோம். அது இங்கே, என் மகளின் தலைமாட்டில், பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறங்கி நேராக நின்றது. கடைசி நாட்களின் நெஞ்சு வலியோடு இதைச் சுமந்துகொண்டு எப்போது ஏறினாரோ, யாரிடமும் சொல்லவில்லை.

மகளுக்கு ஒரு திரி ஏற்றினேன். ஆறடி தள்ளிக் கங்காணிக்கும் ஒன்று, பழகிவிட்டது.

அண்ணன் வீட்டார் மன்னிக்க வேண்டும், அலவாங்கை நான் பிடுங்கி வரவில்லை. அவர் எனக்குத் தந்துவிட்டுப் போனது, அது நிற்கிற இடம்.