இரண்டு பெட்டிக்கும் ஒரே எண்

அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு நூற்பாலையில் என் கணவர் கணினி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லாங்கிணறு ரோட்டில் லாரி மோதி அவர் இறந்தபின் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நானும் கம்ப்யூட்டர் படித்தவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு தொட்டதில்லை.

அந்த அறையில் ஓர் இரும்பு ரேக். ஒன்றன்மேல் ஒன்றாக டிரைவ் பெட்டிகள். மில்லின் கேமராக்கள் பிடிப்பதெல்லாம் அவற்றில்தான் சேரும். சேர்ந்து சில மாதம் கழித்துத்தான் கவனித்தேன். அடியில் இருந்த பெட்டியின் விசிறி இரைந்தது, விளக்குகள் எரிந்தன. ஆனால் திரையில் அப்படி ஒரு பெட்டியே இல்லை. அன்று முதல் அதற்கு முதுகு காட்டி உட்காரவே என்னவோ போலிருந்தது.

மதுரையில் இருந்த சர்வீஸ்காரரைப் போனில் கேட்டேன்.

"பின்னாடி குட்டியா ஒரு நம்பர் தெரியுதா மேடம்?"

குனிந்து பார்த்தேன். அதில் இரண்டு என்றிருந்தது. என் கணவர் போனபிறகு யாரோ வந்து மாட்டிய புதுப் பெட்டியிலும் இரண்டு.

"அதான் விஷயம். ஒரே நம்பர்னா சிஸ்டம் ஒண்ணைத்தான் எடுத்துக்கும். பழசுக்கு வேற நம்பர் வச்சு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

எண்ணுக்குப் பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தேன். எண் கண்சிமிட்டி மூன்றாக மாறியது. மின்சாரத்தை நிறுத்தியதும் விசிறிச் சத்தம் மெல்ல அடங்கியது. உடனே போட்டுவிட்டேன்.

திரையில் பெட்டி வந்தது. உள்ளே இருந்த பதிவுகள் அவர் இறப்பதற்கு முன்பு எடுத்தவை. ஒன்றைத் திறந்தேன். கேட்டில் இருக்கும் கேமராவுக்கு நேரே நின்று, அண்ணாந்து பார்த்து, அவர் ஏதோ சொல்கிறார். முகம் திரை முழுக்க இருந்தது. அந்தக் கேமராவில் சத்தம் பதிவாகாது.

மேனேஜர் உள்ளே வந்தார். "சரியாயிருச்சா? பழசெல்லாம் தானா அழிஞ்சு புதுசு ஏறிக்கிரும்மா."

ஏற ஆரம்பித்திருந்தது. மிகப் பழைய பதிவுகள் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தவளும் நான், அவரை அழிக்கவிட்டவளும் நான்.

"சார், இந்த ஒண்ணை மட்டும் எடுத்துக்கிரட்டுமா?"

மேனேஜர் திரையைப் பார்த்தார். "எடுத்துக்கம்மா" என்றவர், கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கேட்டில் நின்ற வாட்ச்மேனிடம் விசாரித்தேன். "கேமராவைத் துடைச்சுக்கிட்டு நிப்பாக. என்னமோ பேசுவாக. யாருகிட்டன்னு நான் என்னத்தக் கண்டேன் தாயி?"

வீட்டில் மகளுக்குப் போட்டுக் காட்டினேன்.

"அப்பா என்னம்மா சொல்றாக?"

"தெரியலடி."

"வாரேன்னு சொல்றாகளா?"

திரும்பத் திரும்ப ஓட்டினோம். அது வாரேன் இல்லை. அவள் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது மகள் கண்ணாடி முன் நின்று, அண்ணாந்து, சத்தமில்லாமல் அதே மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.