ஜெசிந்தா அக்கா எடுத்த கைரேகைகள்

செவ்வாய்க்கிழமை காலை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காரட் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு, கிளாவரைக் கிராமத்துப் பாண்டியம்மா எங்கள் அலுவலகத்து மாடிப்படி ஏறி வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஜெசிந்தா போயிட்டா பாப்பா. நேத்து சாயங்காலம் நெஞ்சு வலிக்குதுன்னுருக்கா. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ஒனக்கு யாரும் சொல்லிருக்க மாட்டாங்கன்னுதான் வெரசா வந்தேன்."

யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லாமல் போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

பெருமாள்மலை ஜெசிந்தாவை, இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாதா கோயிலில் அவருக்குப் பக்கத்தில் நின்று பாடியவர்கள் இருப்பீர்கள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக அவரோடு சண்டை போட்டவர்கள் அதைவிட அதிகம். எனக்கு அவர் வேலை வழியாகப் பழக்கமானவர். விடியும் முன் கிளம்பி, கொடைக்கானலில் பஸ் மாறி, துணிப்பையில் ஒரு சின்ன இயந்திரத்தோடு கிளாவரைக்குப் போவார். ஆதார் எண்ணைச் சொல்லி அதில் விரலை வைத்தால், முதியோர் உதவித்தொகையும் நூறு நாள் வேலைச் சம்பளமும் அங்கேயே கைக்கு வரும். அந்த ஊருக்கு அவர்தான் வங்கி. அவரைப் போன்ற பிரதிநிதிகளை வங்கிக்காக நியமிக்கும் நிறுவனத்தில் எனக்கு வேலை. இயந்திரங்கள் அனுப்பும் தகவல்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேலையில் சேர்ந்த முதல் மாதம், களத்தைப் பார்த்து வா என்று என்னை அவரோடு அனுப்பினார்கள். கிளாவரை டீக்கடை வாசலில் மூடுபனிக்குள் இருபது பேர் நின்றார்கள். ஒரு பெரியவர் பெருவிரலை வைத்தார். "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது இயந்திரத்தின் பெண்குரல். இன்னொரு தடவை வைத்தார். அதே பதில்.

"நாப்பது வருசம் குடும்பம் நடத்துனவளுக்கே என்னைய யாருன்னு தெரியல. இவளுக்கு எங்கிட்டு தெரியப்போகுது?"

கூட்டம் சிரித்தது. ஜெசிந்தா அக்கா சிரிக்கவில்லை. "நேத்து போன்ல என்ன சொன்னேன் மாமா? பூண்டு உரிக்காதீங்க, எண்ணெயத் தடவிட்டுப் படுங்கன்னு சொன்னேன்ல?"

"மருமக உரிக்கச் சொன்னா. மாட்டேன்னா எனக்குச் சோறு நீ போடுவியா?"

"இந்தாங்க, டீ டம்ளரப் பிடிங்க. குடிச்சிராதீங்க, சும்மா பிடிங்க."

மண்ணிலும் பூண்டிலும் கிடந்த விரல்களில் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். குளிரில் விறைத்தால் சுத்தமாகப் பதியாது. அதனால் முந்தின நாளே கடைக்குப் போன் போட்டு எல்லோருக்கும் சொல்லிவிடுவார். அப்படியும் பதியாவிட்டால் சூடான டம்ளரைப் பிடிக்க வைத்து, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார். அன்று பெரியவரின் ஏழாவது விரலை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "பத்து குடுத்திருக்காரு ஆண்டவரு. ஒண்ணுகூடவா ஒத்துக்கிடாது?"

அந்த வருடக் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிய மென்பொருள் வந்தது. ஒரே ஆளுக்குப் பல விரல்களை வைத்துப் பார்க்கும் பிரதிநிதியை அது சந்தேகப்பட்டியலில் சேர்த்துவிடும். பிறர் கணக்கில் தன் விரலையோ வேறு ஆள் விரலையோ வைத்துப் பார்க்கும் மோசடி சில இடங்களில் நடந்திருந்ததாகக் காரணம் சொன்னார்கள். முதல் வாரப் பட்டியலிலேயே, எல்லோருக்கும் மேலே சிவப்பு எழுத்தில் ஜெசிந்தா அக்காவின் எண் இருந்தது.

அவருக்குப் போன் செய்தேன்.

"பூண்டும்மா, வேற என்ன? நீதான் கூட நின்னு பாத்தியே. நீயே எழுதிரு."

"எழுதுறேன்க்கா" என்றேன்.

எழுதவில்லை. எழுதுவதாக இருந்தால் திரையில் என் பெயரைப் போட்டு, 'இவருக்கு நான் பொறுப்பு' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி எழுதுபவர்களைத் தனியாகக் கவனிப்போம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். என் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எப்படியும் நேரில் விசாரிக்க ஆள் போவார்கள், ஊரே அவருக்காகப் பேசும், நான் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு 'முடக்கு' என்ற பொத்தானை அழுத்தினேன். விசாரிக்க யாரும் போகவில்லை. கிளாவரைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு குறுஞ்செய்தி மட்டும்: சந்தேகத்துக்குரிய நடவடிக்கை காரணமாக உங்கள் பிரதிநிதி நீக்கப்பட்டுள்ளார்.

அப்புறம் ஒரே ஒரு முறை அவரைப் பார்த்தேன். பெருமாள்மலை பஸ் நிறுத்தத்தில், ஒரு ஹோட்டலின் சலவைத் துணி மூட்டையோடு நின்றிருந்தார். பார்க்காதது போல நான் திரும்பிக்கொள்வதற்குள் கூப்பிட்டுவிட்டார். தன்னிடமிருந்த பேரிக்காய்ப் பையை என் கையில் திணித்தார்.

"ஒண்ணும் சங்கடப்படாத. போலீசு கேசுன்னு போகாம விட்டாங்கள்ல, அது நீ எழுதுனதுனாலதான். எனக்குத் தெரியும்."

பஸ் வந்தது. நான் எழுதவே இல்லை என்பதைச் சொல்லாமல் பையோடு ஏறிக்கொண்டேன்.

அடக்கத்துக்குப் பாண்டியம்மாவோடு காரட் வேனிலேயே போனேன். கிளாவரையிலிருந்து இன்னும் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். இப்போது அங்கே புதிய இயந்திரம் வந்துவிட்டதாம். விரலே வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும். ஜெசிந்தா அக்காவைச் சந்தேகத்துக்கு ஆளாக்கிய விதி எங்கள் மென்பொருளிலும் இன்று இல்லை. சந்தேகம் மட்டும் ஊரில் இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கலைந்தபோது பாண்டியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"நீ ஆபீசுக்குள்ள இருந்தவ. மெய்யாலும் அவ எங்க ரேகைய வச்சுத் தப்புப் பண்ணுனாளா பாப்பா? பெத்த மகளாட்டம் வந்து போனவ. அந்த மெசேஜுக்கு அப்புறம் ஊருக்கு வந்தப்ப, சந்தேகப்பட்டுப் பச்சத்தண்ணிகூடக் குடுக்காம அனுப்பிட்டமேன்னு கெடந்து அடிச்சுக்கிடுது."

"இல்லம்மா. அவங்க ஒரு தப்பும் பண்ணல" என்றேன். அது பாதிப் பதில். தெரிந்தே அவரை நிறுத்தியது நான்தான் என்ற மீதியை அன்றும் விழுங்கிவிட்டேன்.

அதை உங்கள் எல்லோருக்கும் இங்கே சொல்கிறேன். ஜெசிந்தா அக்கா யாருடைய பணத்தையும் தொடவில்லை. அவர் இயந்திரத்தில் தோற்ற ஒவ்வொரு விரலும் அந்தந்தக் கணக்குக்கு உரியவரின் விரல்தான். கூடப் போன நாளில் என் கண்ணால் பார்த்தேன். இதையே என் பெயர் போட்டு நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த உதவித்தொகை நாளில் கிளாவரைக்குப் போய், வரிசையில் நிற்பவர்களிடம் என் வாயால் சொல்வேன். எனக்கு முன்னால் அங்கே போகிறவர்கள் இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

இறந்தவரிடமிருந்து ஆளுக்கொன்றை எடுத்து வைத்துக்கொள்கிறோம். அவருடைய பாட்டும் சிரிப்பும் உங்களோடு இருக்கட்டும். என்னிடம் இருப்பது, கடைசிவரை அவர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை. அவர் உயிரோடு இருக்கும்போதே, உண்மையைச் சொல்லி அதை நான் கெடுத்திருக்க வேண்டும்.