ஆடாத ஆட்டத்துக்கு ஆறுதல் பேனர்

1. நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் வசிக்கும் வழக்கறிஞர். எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு ரசிகனே தவிர, நிர்வாகி அல்லன்.

2. நாளை மாலை வியாசர்பாடியில், எதிரணியின் சொந்த மைதானத்தில், எங்களுக்கு அரையிறுதி. வெல்வது கடினம் என்பதை மறுக்கவில்லை.

ஆனால் இன்று காலை பேனர் கடையில் எங்கள் அணிக்காக அச்சாகியிருந்த வாசகம்: ‘அரையிறுதி வரை போராடிய வீரர்களுக்கு நன்றி!’

“ஆட்டமே நாளைக்குத்தானே?” என்றேன்.

“உங்க டீம் கமிட்டி ஆர்டர் சார். அவங்க கிரவுண்டுல போய் எவன் ஜெயிச்சுகினு வந்தான்?” என்றார் கடைக்காரர் செல்வம்.

அதை வாங்கிச் செல்லக் கமிட்டி அனுப்பியிருந்தது எங்கள் கோல்கீப்பர் டேனியலை. நாளைய ஆட்டத்துக்காகத் திருமுடிவாக்கம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டவர்.

“படிச்சிட்டேன் சார், வுடுங்க” என்றார்.

விசாரணைக்கு முன்பே தீர்ப்பெழுதி, அதை அவர் தோளிலேயே சுமக்க வைக்கும் அதிகாரத்தைக் கமிட்டிக்கு யார் கொடுத்தது?

டேனியலுக்கு எழுத்து மூலம் ஒப்புகை கொடுத்து, பேனரை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். இறுதி விசிலுக்குப் பிறகே ஒப்படைப்பேன்.

ஆட்சேபமுள்ள கமிட்டியினர் வியாசர்பாடி மைதானத்துக்கு நேரில் வந்து தெரிவிக்கலாம். ஆட்டங்களுக்குப் போகும் எங்கள் அணி வேனில் அவர்களுக்கான இருக்கைகள் இன்றுவரை காலியாகவே உள்ளன.

ஒப்பம்: ஜெயசீலன்
சாட்சிகள்: டேனியல், செல்வம் (“என்ன இதுல இழுக்காதீங்க சார்” என்ற ஆட்சேபத்துடன்)