இரண்டாவதும் பொட்டைதான்

எங்கள் வீட்டுக்கு இரண்டாவதாக வரப்போகிற நாய் கடுவனா பொட்டையா என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கடுவன்தான். ஜெயங்கொண்டத்தைச் சுற்றி முந்திரிக் கொல்லை பார்ப்பவர்கள் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பொட்டை என்றால் ஊர் நாய்களெல்லாம் வேலியோரம் வந்து காத்துக் கிடக்கும், பிறகு குட்டி போடும், அந்தக் குட்டிகளை யார் தலையில் கட்டுவது என்று அலைய வேண்டும். அதனால் பொட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டுச் சந்தைத் திடலில் விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. அப்படி விடப்பட்டுக் கிடந்த ஒன்றை என் மனைவி எடுத்து வந்தாள். அதுதான் எங்கள் முதல் நாய்.

அது வந்தபோது நான் ஊரில் இல்லை. சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் குழாய் தூக்கிக்கொண்டிருந்தேன். எட்டாவதில் பெயிலானதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருந்து பழக்கமில்லை. கேரளாவில் டைல்ஸ் ஒட்டினேன். அரியலூரில் சிமெண்டு லாரியில் கிளீனராக இருந்தேன். அப்புறம் இந்த வண்டி. ஐப்பசி வாக்கில் ஏறினால் கோடை முடிந்துதான் இறங்க முடியும். படுப்பது லாரிக்கு அடியில், உடம்பெல்லாம் பாறைத் தூள். குறையாகச் சொல்லவில்லை, வேலை அப்படி.

எங்கள் வீடு ஊரை விட்டுத் தள்ளி, குத்தகைக்குப் பார்க்கிற கொல்லையின் ஓரத்தில் இருக்கிறது. நான் இல்லாத மாதங்களில் அங்கே இருப்பது என் மனைவியும் அந்த நாயும்தான். முந்திரிச் சருகில் ஆள் கால் வைத்தால் அந்தச் சத்தத்திலேயே நாய் எழுந்துவிடும். அதை நம்பித்தான் அவள் கதவைச் சாத்திப் படுத்தாள். அதை நம்பித்தான் நான் வண்டியேறினேன்.

போன வருஷம் ஆடியில் ஊருக்குத் திரும்பினேன். வேலிப்படலைத் திறந்து உள்ளே வந்தும் நாய் எழுந்திருக்கவில்லை. வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. என் நிழல் மேலே விழுந்ததும் துள்ளி எழுந்து பல்லைக் காட்டியது. மோப்பம் பிடித்த பிறகுதான் வாலை ஆட்டியது.

"காது போயிடுச்சுங்க" என்றாள் மனைவி. "மோப்பம் இருக்கு. ஆனா காத்து எதிர்ப்பக்கம் அடிச்சா அதுவும் இல்ல."

"போன்ல ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா வேலையப் போட்டுட்டு வந்து நிப்பீங்க. இல்லேன்னா அங்கேயே இருந்துகிட்டு அதையே நெனச்சிட்டிருப்பீங்க. ரெண்டும் வேணாம்னுதான்."

அடுத்த முறை நான் கிளம்புவதற்குள் காது கேட்கிற இன்னொரு நாய் வேண்டும். இல்லையென்றால் அவளை அங்கே தனியாக விட்டுப் போக முடியாது. போகாமலும் இருக்க முடியாது.

பூலாம்பாடியில் ஒரு கூட்டாளி இருக்கிறான். என்னோடு போர் வண்டியில் இருந்தவன், இப்போது சின்ன வெங்காயம் போடுகிறான். அவன் வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. நான் போனபோது வெங்காயத்தைச் சேர்த்து வைக்கும் பட்டறையின் நிழலில் கடைசியாக இரண்டு குட்டிகள் மிஞ்சியிருந்தன, ஒரு கடுவனும் ஒரு பொட்டையும். கடுவனை எனக்காகவே எடுத்து வைத்திருந்தான்.

எங்கள் பக்கம் நாய்க்குட்டி எடுக்க ஒரு முறை இருக்கிறது. பிடரியைப் பிடித்துத் தூக்க வேண்டும். சத்தம் போடாமல் தொங்கினால் தைரியமான நாய். கத்தினால் பயந்தாங்கொள்ளி, எடுக்கக்கூடாது. பிறகு நகத்தை எண்ணுவார்கள், இருபது இருந்தால் நல்ல நாய். கூட்டாளி கடுவனைத் தூக்கினான். அது முனகக்கூட இல்லை.

"பாத்தியா மச்சான். நகமும் இருவது இருக்கு. நீயே எண்ணிக்க."

சும்மா இருந்த பொட்டையையும் நான் தூக்கிப் பார்த்தேன். கை பட்டதும் ஆரம்பித்த கத்தல், கீழே விட்ட பிறகும் நிற்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"இத எவன் எடுப்பான்? தொட்டாலே ஊரக் கூட்டுது" என்றான் கூட்டாளி.

நல்ல குட்டி கிடைத்துவிட்டது என்று சொல்லத்தான் மனைவிக்கு போன் போட்டேன். கையில் கடுவன் குட்டி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"அங்க என்ன சத்தம்?" என்றாள்.

"அது பொட்டைக் குட்டி. தூக்கிப் பாத்தேன், கத்துது."

"சும்மா தொட்டதுக்கா இப்படிக் கத்துது?"

"ஆமா."

"அதையே கொண்டாங்க. காது கேக்காதவளுக்குத் தொணையா வாய் இருக்கறவதானே வேணும். கத்தாத நாய வச்சி நான் என்ன பண்றது?"

"ரெண்டும் பொட்டையா இருந்தா ஒரே வூட்டுல அடிச்சிக்கும்."

"அத நான் பாத்துக்கிறேன். கடுவன்னா மார்கழி பொறந்ததும் கயித்த அறுத்துகிட்டுப் போயிரும். ஊர் சுத்துற கடுவன் இந்த வூட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. அது போதும்."

கூட்டாளி சிரித்த சிரிப்பில் வெங்காயத் தாள் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "தங்கச்சி சொல்றது சரிதான் மச்சான்" என்று பொட்டையை ஒயர் கூடையில் வைத்துக் கொடுத்தான்.

பெரம்பலூர், அரியலூர் என்று பஸ் மாறி வந்தேன். வழியெல்லாம் கத்தியது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "கூடைக்குள்ள என்னண்ணே, ஆம்புலன்ஸா?" என்றார். முன் சீட்டு அம்மா பிஸ்கட்டை ஊட்டி வாயை அடைத்தார்.

வீட்டு வாசலில் பக்கத்துக் கொல்லைக்காரர் நின்றிருந்தார். முறைக்கு மாமா. வாட்டசாட்டமான கடுவன் ஒன்று வளர்க்கிறார்.

"அம்மாந்தூரம் போயி பொட்டையத்தான் தூக்கிட்டு வந்தியா மாப்ள?"

"பெரியவளுக்குப் பண்ணுன கருத்தடை ஆபரேஷன இதுக்கும் பண்ணிட்டாப் போச்சு மாமா" என்று என் மனைவி எனக்காகப் பதில் சொன்னாள். அன்றிலிருந்து பழையது பெரியவள், புதியது சின்னவள்.

பெரியவள் முதல் நாளே சின்னவளின் காதைக் கடித்துவிட்டாள். மறுநாளும் கடி. இரண்டு பொட்டை ஆகாது என்று எல்லோரும் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். பெரியவளை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றுகூட மாமா யோசனை சொன்னார். காது போன காலத்தில் அது போக வேறு இடம் ஏது.

என் மனைவி உட்கார்ந்து இரண்டையும் கவனித்தாள். பிறகு சொன்னாள்: "பொட்டைங்கறதால கடிக்கலங்க. குட்டி பின்னாலேருந்து வந்து விழுது. இவளுக்கு வர்ற சத்தம் கேக்கல, பயந்து கடிக்கிறா. அப்படி வந்து விழுந்தா நானும்தான் கடிப்பேன்."

சின்னவளைக் கட்டும் முளையைப் பிடுங்கி, பெரியவளின் முகத்துக்கு நேரே, கடி எட்டாத தூரத்தில் அடித்தாள். சோறு பெரியவளுக்கு முதலில், அவள் பார்க்கச் சின்னவளுக்கு அடுத்து. ஐப்பசியில் நான் பையைக் கட்டியபோது கடி நின்றிருந்தது. ஆனாலும் சின்னவள் காவலுக்கு ஆவாளா என்று தெரியாது. அவள் அதுவரை குரைத்ததெல்லாம் ஓணானைப் பார்த்துத்தான். அந்தச் சந்தேகத்தோடுதான் வண்டியேறினேன்.

மார்கழியில் ஒரு சாயங்காலம், குழாய் இறக்கிவிட்டு போன் செய்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கீச்சுக் குரலில் ஒரு குரைப்பு கேட்டது. அதைத் தொடர்ந்து கனமாக இன்னொன்று. அந்தக் கனத்த குரலை நான் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

"பெரியவளுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"கேக்கலங்க. சின்னவ கத்துறப்ப அவ முதுகு முடி நிக்குதுல்ல, அதப் பாத்துட்டு எந்திரிக்கிறா. எதுக்குக் கொரைக்கிறோம்னே தெரியாது. ஆனா நல்லாக் கொரைக்கிறா."

"கொல்லைக்குள்ள யாரு?"

"இருங்க, பாத்துட்டு வரேன்." கொஞ்ச நேரம் குரைப்பு மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் குரலில் சிரிப்பு இருந்தது. "மாமாதான். அவங்க வூட்டுக் கடுவனக் காணுமாம். தேடிகிட்டு வந்தவர ரெண்டு பேரும் வேலியத் தாண்ட விடல."

நானும் சிரித்தேன். பாவம், அந்தக் கடுவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

"நீங்க எப்ப வரீங்க?"

"கோடை முடிஞ்சதும்."

"மெதுவா வாங்க. இங்க நாங்க இருக்கோம்" என்றாள்.

அன்று அந்தக் குட்டி கத்தி ஓய்வதற்குள் அவளுக்கு போன் போட்டது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். லாரிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தேன். சீக்கிரம் தூக்கம் வந்தது.